அப்பாவுக்குக் கடைசிக் கட்டப் புற்றுநோய், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வேப்பநிழல்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். முதுகெலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ கொடுத்தால் பலனை விடப் பாதிப்புதான் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, "வாரக் கணக்கில் யோசித்துக்கொள்ளுங்கள்" என்றார். அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு." கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

நானும் என் கணவரும் பார்த்துக்கொள்கிறோம். அம்மா கூடவே இருக்கிறார், ஆனால் அவருக்கே உடம்புக்கு முடிவதில்லை. தம்பி வெளிநாட்டில்.

பகலில் ஒருவழியாகச் சமாளித்துவிடுகிறோம். இரவானால் வலி கூடிவிடுகிறது. கடுமையான வலிக்குக் கொடுக்கும் மார்பின் மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "மார்பினா? அதை ஆரம்பித்தால் அவ்வளவுதான்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவதால், அப்பா தாங்க முடியாமல் துடிக்கும்போது மட்டும் கொடுக்கிறோம். சாப்பாடு ஏறக்குறைய நின்றுவிட்டது. அம்மா "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுகிறார், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அம்மா அழுதுகொண்டே எழுந்து போகிறார். அப்பாவுக்குத் தன் நிலைமை எந்த அளவுக்குத் தெரியும் என்றும் புரியவில்லை. நாங்கள் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

தென்றல்77:

அம்மாவை வீட்டில் வைத்துக் கடைசிவரை பார்த்தவன் நான். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன் அக்கா, இது பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான். டயப்பர் மாற்றுவது, படுக்கையில் இருப்பவரை நோகாமல் புரட்டிவிடுவது, மருந்துக்கு நேரம் வைத்துக்கொள்வது எதுவும் எனக்கு முன்பு தெரியாது. வீட்டுக்கு வந்து பார்க்கும் பாலியேட்டிவ் கேர் குழு (நோயாளியின் வலியையும் அவஸ்தையையும் குறைத்துப் பார்த்துக்கொள்பவர்கள்) இருக்கிறதா என்று இன்றே டாக்டரிடம் கேளுங்கள். இரவில் போன் செய்தால் எடுக்க ஒருவர் இருக்கிறார் என்பதே பாதி தைரியம்.

வலியைப் பற்றி இங்கே இரவுப்பணி அக்கா நன்றாகச் சொல்வார். அவரைக் கூப்பிடுகிறேன்.

இரவுப்பணி:

கூப்பிட்டதற்கு நன்றி தம்பி. நான் பாலியேட்டிவ் கேர் நர்ஸ். நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் என் வேலை.

வேப்பநிழல், முதலில் வலி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வலியில் கிடப்பவரிடம் எதையும் பேச முடியாது, அவரைத் தூங்க வைக்கவும் முடியாது.

புற்றுநோய் வலிக்கு மாத்திரை கொடுப்பது கடிகாரத்தைப் பார்த்து. வலி எப்போது வரும் என்று காத்திருந்து கொடுப்பதல்ல. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிமுறையிலேயே இது முக்கியமான விதி. சாதாரண மார்பின் மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம்தான் வேலை செய்யும். அதன் வேகம் குறைவதற்குள் அடுத்தது உள்ளே போக வேண்டும். துடிக்கும்வரை விட்டுவிட்டால் அந்த வலியை அடக்க அதிக மருந்து தேவைப்படும். தீ சிறியதாக இருக்கும்போது அணைப்பது சுலபம், அதே கணக்குதான். 12 மணி நேரம் வேலை செய்யும் மாத்திரை தந்திருந்தால் அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, அவ்வளவு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். இடையில் திடீரென்று வலி கிளம்பினால் கொடுக்கத் தனியாக ஒரு "மீட்பு" அளவு எழுதித் தரச் சொல்லுங்கள்.

மார்பின் ஆரம்பிக்கும்போது முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். மலச்சிக்கல் மட்டும் சரியாகாது. மார்பின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டு, புற்றுநோய் வலியை விட வயிற்று வலியில் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நோட்டுப் போட்டு நேரம், மருந்து, வலி பத்துக்கு எவ்வளவு என்று அப்பா சொல்கிறார், மூன்றையும் எழுதுங்கள். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்ய அந்த நோட்டு உதவும்.

இன்னொன்று. நோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது என்றீர்கள். கால் திடீரென்று பலவீனமானால், மரத்துப் போனால், சிறுநீர் பிரியாமல் நின்றால், அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறி அது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கடலோடி:

மன்னிக்கவும், நான் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது. என் அப்பாவுக்கு மார்பின் கொடுத்தோம். அடுத்த சில நாட்களில் கண் திறக்கவே இல்லை, போய்விட்டார். கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்று வருஷக்கணக்கில் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. சொந்தக்காரர்கள் சொல்வதை அப்படியே தள்ளிவிட முடியாது.

இரவுப்பணி:

கடலோடி ஐயா, நீங்கள் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இதே பாரத்தைச் சுமக்கிற பலரிடம் பேசியிருக்கிறேன்.

பல வீடுகளில் மார்பின் மிகவும் தாமதமாகத்தான் உள்ளே வருகிறது. உடம்பு ஏற்கெனவே கடைசி நாட்களுக்குள் நுழைந்த பிறகு கொடுக்கிறார்கள். அப்போது வரும் மயக்கம் நோயின் போக்கில் வருவது. மருந்தும் மரணமும் பக்கத்தில் பக்கத்தில் நடப்பதால் ஒன்றுக்கு மற்றது காரணம் போலத் தெரிகிறது. சரியான அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் மார்பின் ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. உங்கள் அப்பாவை நேரில் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கொடுத்தது வலியில்லாத சில நாட்களை என்றுதான் எனக்குப் படுகிறது.

அதற்காக மார்பினில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகிவிட்டது, கண்ணின் பாப்பா ஊசிமுனை போல் சுருங்கிவிட்டது, கைகால் துள்ளித் துள்ளி இழுக்கிறது என்றால் உடனே கூப்பிட வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு மருந்து உடம்பில் தங்கிவிடும், அவர்களுக்கு அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

அடிமையாகிவிடுவார் என்ற பயத்துக்கும் ஒரு பதில். நாள்பட எடுத்தால் உடம்பு மருந்துக்குப் பழகும், திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். வலிக்காக மருந்து எடுப்பவர் போதையைத் தேடி அலைபவர் ஆகிவிடுவதில்லை.

நெறியாளர்:

ஒரு வேண்டுகோள். யாரும் மில்லிகிராம் கணக்கை இங்கே எழுத வேண்டாம். ஒருவருடைய அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது. மற்றபடி தொடருங்கள்.

கடலோடி:

இரவுப்பணி, பதிலுக்கு நன்றி. மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.

தென்றல்77:

சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதிகம் சண்டை வந்தது இதில்தான்.

அம்மா சாப்பிடாததால் போய்க்கொண்டிருக்கிறார் என்று என் அக்கா உறுதியாக நம்பினாள். வீட்டுக்கு வந்த டாக்டர் உட்கார வைத்து விளக்கினார்: அம்மா போய்க்கொண்டிருப்பதால்தான் பசி நின்றிருக்கிறது. இந்தக் கட்டத்தில் உடம்பு உணவைப் பயன்படுத்தும் திறனையே இழந்துவிடுகிறது. எவ்வளவு ஊட்டினாலும் சதை பிடிக்காது. வற்புறுத்தினால் வாந்தி வரும், புரையேறும், உணவு நுரையீரலுக்குள் போனால் அதுவே புதுத் தொல்லை. டிரிப் போடலாமா என்றும் கேட்டோம். கடைசி நாட்களில் அந்தத் தண்ணீரை உடம்பால் வெளியேற்ற முடியாமல் கைகால் வீங்கும், நெஞ்சில் சளி கட்டும், அதனால் மூச்சு இன்னும் கஷ்டமாகலாம் என்றார். எல்லோருக்கும் டிரிப் வேண்டாம் என்பதல்ல, அம்மாவுக்கு வேண்டாம் என்று அன்று முடிவு செய்தோம்.

அக்கா, உங்கள் அம்மா ஊட்டுவது பாசத்தால். "ஊட்டாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் அவர் கையில் எதுவும் இல்லாமல் போய்விடும். வேறு வேலை கொடுங்கள். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி நனைப்பது, உதடு வெடிக்காமல் களிம்பு தடவுவது, காலைப் பிடித்துவிடுவது, தலை வாரிவிடுவது. வாய் வறட்சி நோயாளிக்குப் பெரிய அவஸ்தை, அதைப் பார்த்துக்கொள்வது சாதாரண உதவி இல்லை. அப்பா தானாக ஏதாவது கேட்டால் கொடுங்கள். இரண்டு வாயோடு போதும் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

மின்மினி:

தாதிமைப் படிப்பு மாணவி நான். பாடத்தில் படித்ததைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். பாலியேட்டிவ் கேர் என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். 2010இல் வந்த ஒரு ஆய்வு பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களைப் பற்றியது, வேப்பநிழல் அக்காவின் அப்பாவுக்கு இருப்பது போலவே. நோய் கண்டுபிடித்ததும் வழக்கமான சிகிச்சையோடு பாலியேட்டிவ் கேரும் சேர்த்துக் கிடைத்தவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களை விட நிம்மதியாகவும் மனச்சோர்வு குறைவாகவும் இருந்தார்கள். சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

இரவுப்பணி:

சரிதான் மின்மினி. அது நோயின் தொடக்கத்திலேயே சேர்த்துப் பெற்றவர்களைப் பற்றிய ஆய்வு. கடைசி வாரங்களில் ஆரம்பித்தால் ஆயுள் கூடும் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் நிம்மதி, அது எப்போது ஆரம்பித்தாலும் கிடைக்கும்.

தூரத்துமகன்:

வேப்பநிழல் சொன்ன "வெளிநாட்டில் இருக்கும் தம்பி" போன்றவன்தான் நானும். அப்பாவிடம் உண்மையைச் சொல்லக் கூடாது என்று கடைசிவரை நின்றவன். சொன்னால் மனசு விட்டுவிடுவார் என்று பயம். மற்றவர்கள் என்ன செய்தீர்கள்?

தென்றல்77:

எங்கள் அம்மாவுக்குத் தெரிந்தே இருந்தது. நாங்கள் அவருக்காக நடித்தோம், அவர் எங்களுக்காக நடித்தார். ஒருநாள் அவரே "இந்த நாடகம் போதும்" என்று சொன்ன பிறகுதான் ஒழுங்காகப் பேசினோம். சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. தன் உயிர் பற்றிய செய்தி அவருக்குச் சொந்தமானது.

கடலோடி:

நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் அப்பா "எனக்கு எதுவும் சொல்லாதீர்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தெளிவாகச் சொன்னார். தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது என்றால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் உரிமை இருக்கிறது. எல்லோரையும் உட்கார வைத்து உண்மையை எடுத்துப் போடுவது கருணை ஆகாது.

இரவுப்பணி:

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் நாங்கள் முதலில் கேள்வி கேட்கிறோம். "உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது? இன்னும் தெரிந்துகொள்ள விருப்பமா?" அவர் பதிலிலேயே எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரிந்துவிடும். பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றுங்கள், கதவைச் சாத்திவிடாதீர்கள். "நான் செத்துவிடுவேனா?" என்று நேராகக் கேட்டால் மட்டும் "அப்படியெல்லாம் பேசாதீர்கள்" என்று வாயை அடைக்காதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அவர் எவ்வளவு தைரியம் திரட்டியிருப்பார்!

வேப்பநிழல், உங்கள் அப்பாவுக்கு இரவில் வலி கூடுவதைப் பற்றியும் இதோடு சேர்த்து யோசியுங்கள். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (கடைசிக் கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், அப்புறம் சமூகப் பணியாளர், அதற்கும் அப்புறம் டாக்டர் ஆனவர். உடம்பு வலியோடு பயம், குடும்பத்தைப் பற்றிய கவலை, "நான் ஏன்" என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளி படும் முழு வலி என்றார். வீடு அடங்கிய பிறகு, எல்லோரும் தூங்கும்போது, அந்த மற்ற வலிகள் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். மாத்திரையும் வேண்டும், பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும்.

வேப்பநிழல்:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை நாள் எழுத முடியவில்லை.

மார்பினை நேரப்படி கொடுக்க ஆரம்பித்தோம். நோட்டைப் பார்த்து டாக்டர் அளவை மாற்றினார். முதலில் தூங்கிக்கொண்டே இருந்தார், பயந்துவிட்டேன். பிறகு தெளிந்தார். வலி இரண்டு மூன்றுக்குள் நிற்கிறது. வலியை மறந்து பேத்தியோடு சிரிக்கிறார்.

இரவுப்பணி அக்கா சொன்ன கேள்வியைக் கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "எனக்குத் தெரியும்மா, உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் சும்மா இருந்தேன்" என்றார். அடுத்த அறையில் அம்மா இதையேதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம் எல்லாம் எங்கே இருக்கிறது என்று மறுநாள் அப்பாவே சொன்னார். மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, மூக்கில் குழாய் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

அம்மா இப்போது ஊட்டுவதில்லை. வாய் துடைப்பதும் கால் பிடிப்பதும் அவர் வேலை, எங்களை விடுவதே இல்லை.

எனக்குத்தான் முடியவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே அவரை நினைத்து அழுகிறேன். சில நேரம் எல்லாம் முடிந்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது, உடனே நெஞ்சு பதறுகிறது. தம்பி தினமும் போனில் "அந்த டாக்டரைக் கேட்டாயா, இந்த மருந்தைப் பார்த்தாயா" என்று கேட்கும்போது போனைத் தூக்கி எறியலாம் போல இருக்கிறது.

தென்றல்77:

அக்கா, முடிந்துவிட்டால் தேவலை என்று நினைப்பது அவர் துன்பம் முடிய வேண்டும் என்ற நினைப்பு. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் எல்லோருக்கும் வருகிறது. எனக்கு வந்தது.

தூக்கத்தைப் பங்கு போடுங்கள். ஓர் இரவு நீங்கள், ஓர் இரவு உங்கள் கணவர். உதவட்டுமா என்று கேட்பவர்களிடம் "பரவாயில்லை" என்று சொல்லாமல், மருந்துக்கடை, பிள்ளையைப் பள்ளியில் விடுவது என்று குறிப்பாக ஒரு வேலையைச் சொல்லுங்கள்.

தூரத்துமகன்:

உங்கள் தம்பி பக்கத்திலிருந்து சொல்கிறேன். கையால் ஒன்றும் செய்ய முடியாதவன் வாயால் செய்யப் பார்க்கிறான். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். மருந்து, ஆக்சிஜன் வாடகை போன்ற செலவுக் கணக்கு முழுவதும் அவன் பார்க்கட்டும். சொந்தக்காரர்களின் போனுக்கெல்லாம் அவனே பதில் சொல்லட்டும். தினமும் ஒரு நேரத்தில் வீடியோ காலில் அப்பாவோடு மட்டும் பேசட்டும்.

சூசன் சில்க் என்ற உளவியலாளரும் அவர் நண்பர் பாரி கோல்ட்மனும் 2013இல் எழுதிய ஒரு யோசனை எனக்கு உதவியது. நோயாளியை நடுவில் வைத்து, நெருக்கத்துக்கு ஏற்றபடி சுற்றிலும் வளையங்கள் போட்டுக்கொள்ளுங்கள். உள்வளையத்தில் இருப்பவரிடம் ஆறுதல் மட்டும்தான் சொல்ல வேண்டும். உங்கள் புலம்பலை வெளிவளையத்தில் இருப்பவரிடம் கொட்டுங்கள். பக்கத்தில் இருந்து பார்க்கும் அக்கா எனக்கு உள்வளையம் என்பது அதைப் படித்த பிறகுதான் உறைத்தது. தம்பிக்கு இந்தப் பதிவை அனுப்புங்கள்.

வேப்பநிழல்:

அனுப்பினேன். டிக்கெட் போட்டுவிட்டான், வருகிறான்.

இரவுப்பணி அக்கா, ஒன்று கேட்க வேண்டும். கடைசி எப்படி இருக்கும்? அப்பா நேற்றிலிருந்து பெரும்பாலும் தூங்குகிறார். அறையில் இல்லாத தன் அண்ணனோடு பேசுகிறார். மறைக்காமல் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

சொல்கிறேன்மா. தெரிந்திருந்தால் பயம் குறையும்.

தூக்கம் கூடிக்கொண்டே போகும். ஒருநாள் விழிப்பே இல்லாமல் ஆகும். இறந்துபோனவர்களோடு பேசுவது நிறையப் பேருக்கு நடக்கும். அவர் அமைதியாகப் பேசினால் திருத்த வேண்டாம். பயந்து எழுந்து ஓடப் பார்த்தால், துணியைப் பிய்த்தால், அது வேறு. முதலில் சிறுநீர் அடைத்திருக்கிறதா, மலம் கட்டியிருக்கிறதா, வலியா என்று பாருங்கள், உடனே குழுவைக் கூப்பிடுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது. சிலர் திடீரென்று ஒருநாள் தெளிந்து பேசுவார்கள், சாப்பாடு கேட்பார்கள். குணமாகிவிட்டது என்று சிகிச்சையை மாற்ற ஓடாதீர்கள், அந்த நேரத்தை அவரோடு இருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

விழுங்க முடியாமல் போகும். அப்போது வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வலி மருந்தை நிறுத்தவும் கூடாது, தோலுக்கடியில் ஊசியாக மாற்றித் தருவார்கள். இதை இப்போதே பேசி மருந்தை வீட்டில் வாங்கி வைத்துவிடுங்கள். நடு இரவில் தேட முடியாது. மூச்சுத் திணறினால் தலைப்பக்கத்தை உயர்த்தி, முகத்தில் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள், நன்றாகவே உதவும்.

மூச்சு மாறும். வேகமாகும், மெதுவாகும், கொஞ்ச நேரம் நின்று மறுபடி தொடங்கும். தொண்டையில் கறகறவென்று ஒரு சத்தம் வரலாம். கேட்கும் நமக்குத்தான் அது கொடுமை. ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், குழாய் விட்டு உறிஞ்ச வேண்டாம். கைகால் குளிர்ந்து, முட்டியிலும் பாதத்திலும் ஊதா நிறத் திட்டுகள் வந்தால் பெரும்பாலும் மணிக்கணக்குதான். பதில் இல்லாவிட்டாலும் பேசுங்கள். இறக்கும் நிலையில் சுயநினைவு இல்லாத சிலருக்கும் ஒலி கேட்டதும் மூளை பதில் காட்டியதை 2020இல் வெளிவந்த ஒரு ஆய்வு பதிவு செய்திருக்கிறது. தம்பி வந்துசேரத் தாமதமானால் போனை அப்பாவின் காதருகே வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

வேப்பநிழல்:

அழுதுகொண்டே படித்தேன், ஆனால் கை நடுங்கவில்லை. அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது?

இரவுப்பணி:

ஆம்புலன்ஸை அல்ல. அவர்கள் வந்தால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கப் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரிக்கும் தூக்கிப் போவார்கள். அப்பா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது அதைத்தான். பாலியேட்டிவ் குழுவின் எண்ணைக் கூப்பிடுங்கள். அவசரமே இல்லை, எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்து முடித்த பிறகு கூப்பிட்டாலும் போதும்.

நாளைக்கே டாக்டரிடம் இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். வீட்டில் இறந்தால் சான்றிதழ் யார் தருவார், அதற்கு அவருக்கு என்ன காகிதங்கள் வேண்டும் என்பது ஒன்று. நோயின் நிலையையும் அப்பாவின் விருப்பத்தையும் சொல்லும் ஒரு கடிதம் இரண்டாவது. அந்தக் கடிதத்தையும் அப்பா கையெழுத்துப் போட்டதையும் ஃபைலின் மேலே வைத்து, ஃபைல் எங்கே இருக்கிறது என்று உங்கள் கணவருக்கும் தம்பிக்கும் சொல்லிவையுங்கள். மீதமாகும் மார்பினை யாருக்கும் கொடுக்க வேண்டாம், குழுவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்று இரவுப்பணியில்தான் இருக்கிறேன், எந்த நேரமானாலும் இங்கே எழுதுங்கள்.